அரைக்கட்டை கீழே

நான் படிக்கும் மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை. காரணம் ஒரு மட்டமான பியானோ. அது சரியான காரணமா என்று எனக்கே தெளிவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கடையில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது நானும் நிலவனும். மட்டமான பெட்டி என்றால் நிலவன் வாசலோடு திரும்பிவிடுவான். "கலீஜ் பெட்டில கை வெச்சா, நாளைக்கு அபஸ்வரம் வந்தா பெட்டிய திட்ட மாட்டாங்க ரமா, நம்மளத்தான் திட்டுவாங்க" என்பான். அவன் சொல்வதை மறுக்க எனக்குத் தெரியாது. அவனைப்போலத் திரும்பி வரவும் தெரியாது.

ராயபுரத்தில் ஜேக்கப் வீடு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். யானைக்கவுனியில் பழைய சாமான் கடையில் வாங்கி, மீன்பாடி வண்டியில் நேற்று கொண்டுவந்த பியானோ கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது.

"கப்பல்ல வந்த மாலு பாப்பா" என்றார் ஜேக்கப்.

"கப்பல்ல வந்துச்சோ, கப்பலுக்கு அடில வந்துச்சோ" என்றார் அவர் மனைவி சிலுவையம்மாள், சமையலறையிலிருந்து.

இன்று அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். கல்யாணத்தன்று ஜேக்கப் மனைவிக்காக ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விசேஷம் வந்தாலும் சிலுவையம்மாளின் அண்ணன் ஜெரி அந்த உடைந்த குரலை நடித்துக்காட்டாமல் சாப்பிட உட்காருவதில்லை. இன்று மாலை ஜெரி வருகிறார். அவர் முன்னால் அந்தப் பாட்டை உடையாமல் பாடி முடிக்க வேண்டும். ஜேக்கப்புக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாசிக்கப்போவது மகள் சில்வியா. கோயில் பள்ளிக்கூடத்துப் பியானோவில் பழகியிருக்கிறாள். அங்கேயும் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் குரல் அதே இடத்தில் உடைந்ததாம்.

"கொஞ்சம் எறக்கி வாசிக்கலாமே?" என்று கேட்டேன்.

"இந்த வெள்ளைக் கட்டைங்க மட்டும்தான்க்கா எனக்கு வரும். கறுப்புல கை வெச்சா பாட்டே மறந்துடும்."

"அந்தப் பொட்டி சரியில்ல" என்றார் ஜேக்கப். "சொந்தப் பொட்டி இருந்தா கொரலு தானா வரும்."

திறந்து பார்த்தேன். கடல் காற்றில் கம்பிகள் துருவேறிக் கிடந்தன. கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள், மரம் நைந்து, சாவி போட்டுத் திருகியதும் வழுக்கின. நான் எப்போதும் சரியான சுருதியைக் காட்டும் சுருதிக்கவையைத் தட்டி, அதற்குச் சமமாக முதல் கம்பியை ஏற்றித்தான் வேலையைத் தொடங்குவேன். ஏற்றினேன், அடுத்த கம்பிக்குப் போவதற்குள் அது இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினேன். அறுந்தது.

"இன்னா, உசுரு போயிடுச்சா?" என்றது சமையலறை.

அறுந்த கம்பியை மாற்றினேன். வழுக்கும் ஆணிகளைக் கழற்றி, உப்புத்தாளைச் சின்னதாக வெட்டிச் சுற்றி, மறுபடி அடித்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெட்டி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில், கவையின் சுருதிக்கு அரைக்கட்டை கீழே இறங்கி நின்றிருக்கிறது. ஏறு ஏறு என்று அதைத் தொல்லை செய்தது நான்தான். கவையைப் பையில் போட்டுவிட்டு, அது நிற்கிற இடத்திலேயே கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். இது வேலையா, ஏமாற்றா என்ற யோசனை மட்டும் கூடவே இருந்தது. அதனால் முடித்ததும் ஜேக்கப்பிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ டூப்பு பியானோவா இது?"

"டூப்பு இல்லங்க. அரைக்கட்டை கீழ கீது. ஆனா ஒண்ணுக்கொண்ணு சேந்து கீது. மேல ஏத்துனா அறுந்துடும்."

அவர் பதில் சொல்வதற்குள் ஜெரி வந்துவிட்டார். "இன்னா மச்சான், சங்கு ரெடியா?"

வகுப்புக்கு அப்போதே கிளம்பியிருக்கலாம். ஏதாவது ஆணி வழுக்கினால் என்ன செய்வது என்று கதவோரம் நின்றேன்.

சில்வியா வாசிக்க, ஜேக்கப் பாடினார். உச்சம் நெருங்கியது. ஜெரி நடித்துக்காட்ட வாயைக் குவித்து வைத்திருந்தார். ஜேக்கப் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். குரல் முழுசாகப் போய் அங்கே நின்றது. அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், அடுத்த வரியை மறந்துவிட்டார். கையில் கரண்டியோடு வந்து சிலுவையம்மாள்தான் எடுத்துக் கொடுத்தார்.

குவித்த வாயை ஜெரி மெதுவாக மூடினார். "இனிமே இன்னாத்த வெச்சி நான் பொழப்ப ஓட்றது?"

"பொட்டி அரைக்கட்டை கீழ கீது மாமா, அதான் எட்டிச்சி" என்று சில்வியா உளறிவிட்டாள்.

"அப்போ செல்லாது."

"கொக்கி எட்டலன்னா கிரேன்ல இன்னா பண்ணுவோம்?" என்றார் ஜேக்கப். "எறக்குவோம். சரக்கு வந்துச்சா இல்லியா? அத்தச் சொல்லு மச்சான்."

ஜெரி இன்னொரு தடவை பாடச் சொன்னார். ஆணிகள் வழுக்கவில்லை.

பிரியாணி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். வாசல்வரை வந்த ஜேக்கப் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வருசமும் நீயே வா பாப்பா. மேல ஏத்திடாத. எனக்கும் வயசாவுது, தோதுப்பட்டா இன்னும் கொஞ்சம் எறக்கி வையி."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அதற்குமேல் தளர்த்தினால் கம்பி பேசுமா என்று நாளைக்கு நிலவனைத்தான் கேட்க வேண்டும்.