மூலைப் பலகை

மாநாட்டில் போஸ்டர் வைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருட உழைப்பை ஒரு பெரிய தாளில் அச்சடித்து, பலகையில் குத்தி, அதன் பக்கத்தில் துணிக்கடைப் பொம்மை மாதிரி நிற்க வேண்டும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு விளக்கம் சொல்ல வேண்டும். நடுவர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் வரும்போது நாம் அங்கே இல்லையென்றால் போஸ்டர் செல்லாது. ஆகவே பசித்தாலும் நகரக் கூடாது, ஒன்றுக்கு முட்டினாலும் நகரக் கூடாது. இந்த விதியை எழுதிய புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆராய்வது சேறு. ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள். எங்கள் கூட்டத்தில் ஆட்களை அவரவர் ஆராயும் பொருளின் பெயரில்தான் கூப்பிடுவோம். நான் சேறு. அடுத்த பலகைக்காரி நத்தை. வேறொரு பல்கலைக்கழகத்துப் பெண், எனக்கு ரொம்ப ஜூனியர், அதே மாதிரிச் சேற்றில் ஊரும் நத்தைகளை எண்ணுகிறவள். வாயைத் திறந்தால் “அக்கா”வைத் தவிர வேறு வார்த்தை வராது.

அன்று காலையில் நாங்கள் இருவரும் பலகையை மாற்றிக்கொண்டோம். என் போஸ்டர் அகலம். எனக்கு ஒதுக்கிய பலகையில் அடங்கவில்லை. அவளுக்கு ஒதுக்கிய மூலைப் பலகை பெரியதாக இருந்தது. “நீங்க எடுத்துக்கங்கக்கா, என்னுது எதுலயும் அடங்கும்” என்றாள். மாநாட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இதையெல்லாம் போய் யார் சொல்வார்கள்?

மூலை என்றால் நிஜமாகவே மூலை. முதுகுக்குப் பின்னால் பலகை, இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்கிய மேசை. வெளியே வர ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி. அந்த வழியில் வந்து நின்றார் பெரிசு.

பெரிசு என்பது எங்கள் துறை மொத்தமும் அவருக்கு வைத்த பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. இந்தச் சேற்றைப் பற்றி உருப்படியாகப் பேசத் தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்பார்கள். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் என் கைடு மேடம். மூன்றாமவர் இவர். ஆகவே என் தீசிஸுக்கு வெளித் தேர்வாளரும் இவர்தான். அடுத்த மாதம் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. அவர் தலையாட்டினால் எனக்கு டாக்டர் பட்டம். உதட்டைப் பிதுக்கினால் ஆறு வருட உழைப்பு சேற்றோடு போச்சு.

“பரவால்லயே, கிராஃப் நல்லா வந்திருக்கே” என்று வலது கை விரலைப் போஸ்டரின் மேல் வைத்தார். இடது கை என் இடுப்புக்கு வந்தது. தெரியாமல் பட்டிருக்கும் என்று விலகினேன். விலக இடம் இருந்தால்தானே? சுவர் இடித்தது. கை கூடவே வந்தது.

“இந்த இடத்துல ஏன் இறங்குது?” என்று கேட்டார், கிராஃபின் கோட்டைப் பார்த்தபடியே.

நான் பதில் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், பதில் சொன்னேன். உப்பு கூடினால் இந்த இனம் குறையும் சார் என்று சொன்னேன். வாய் பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது, உடம்பு மரக்கட்டையாகிவிட்டது. அவர் கையும் இறங்கியது. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

கூடம் நிறைய ஆட்கள். எத்தனை பேர் இருந்து என்ன, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரிசின் முதுகு. கையில் காபியோடு போன ஒருத்தன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். பெரிசே வந்து இவ்வளவு நேரம் நிற்கிறாரே, கொடுத்துவைத்தவள்! அந்தக் கட்டைவிரலை ஒடித்துக் கையில் கொடுத்திருப்பேன். நகர்ந்தால் போஸ்டர் போச்சு, கத்தினால் வைவா போச்சு. நின்றேன்.

ஒருவழியாக நடுவர்கள் வந்தார்கள். “நல்ல பொண்ணு, நல்லாப் பண்ணியிருக்கா” என்று அவர்களிடம் எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, பெரிசு பக்கத்துப் பலகைக்குப் போனார். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் சேறு, உப்பு, நுண்ணுயிர் என்று பொரிந்து தள்ளினேன். அருமையாகப் பேசுகிறாய் என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

தொடக்க விழாவில் ஒன்று அறிவித்திருந்தார்கள். யாராவது தொல்லை கொடுத்தால் மஞ்சள் பட்டை அணிந்தவரிடம் சொல்லலாம், ரகசியம் காக்கப்படும் என்று. எல்லோரும் கைதட்டினோம். மஞ்சள் பட்டைக்காரர் தலை நரைத்த ஒரு பேராசிரியை. நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காலை போனேன். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

“எத்தனை தடவைம்மா?”

“ஒரு தடவைதான் மேடம்.”

“வேற யாராவது பார்த்தாங்களா?”

“அவர் முதுகைப் பார்த்தாங்க.”

“தவறுதலாப் பட்டிருக்க வாய்ப்பு ஏதாவது...”

“மேடம், இது என்ன பேப்பர் ரிவ்யூவா?” என்று கேட்டே விட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் முகம் சுருங்கிப்போனது. “மன்னிச்சுக்கம்மா, பழக்க தோஷம். உன் பேரைப் புகார்க் கமிட்டிக்குச் சொல்லவே மாட்டேன். எந்தப் பலகைல நின்னேன்னு மட்டும் சொல்லு, நம்பரைப் போட்டுக்கறேன்” என்றார். மூலைப் பலகையின் எண்ணைச் சொன்னேன்.

அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. எங்கள் தொழில் புத்தி அப்படி. சேற்றுக் குப்பிகளில் எந்த இடத்துச் சேறு என்று எழுத மாட்டோம், எண்ணைத்தான் ஒட்டுவோம். சோதிக்கிறவர் பாரபட்சம் பார்க்கக் கூடாது இல்லையா? எண் போட்டால் ஆள் மறைந்தாள் என்று நினைத்துவிட்டோம், பட்டம் வாங்கிய அவரும் வாங்கப்போகிற நானும். மாநாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பலகை எண்ணுக்கும் நேரே பெயரை அச்சடித்துக் கூடத்தில் ஆளுக்கொன்று கொடுத்திருப்பது இரண்டு மேதைகளுக்கும் உறைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே காதில் விழுந்தது.

“யாரு, நத்தையா? வாயில்லாப் பூச்சின்னுல நினைச்சோம்!”

“போயும் போயும் பெரிசு மேலயா புகார்? இனிமே அந்தப் பொண்ணை எவன் சேர்த்துப்பான்?”

நத்தையா? அவள் எங்கே இதில் வந்தாள்? தட்டோடு ஒதுங்கி நின்று யோசித்த பிறகுதான் புரிந்தது. கமிட்டியில் யாரோ புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள். நாங்கள் பலகை மாற்றிக்கொண்டது புத்தகத்துக்குத் தெரியாது. அதில் மூலைப் பலகை நத்தையுடையது. மஞ்சள் பட்டை அம்மாவோ ரகசியம் காப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க முடியாது.

மதியம் நத்தை பேசவிருந்த உரையை ரத்து செய்துவிட்டார்கள். அவளுடைய பாதுகாப்புக்காகவாம். பெரிசின் உரை ரத்தாகவில்லை. பாவம், அவருக்கு என்ன ஆபத்து?

கைடு மேடம் என்னைத் தேடிப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“சொன்னது நீதானே? பொய் சொல்லாத, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு.”

தலையாட்டினேன்.

“நல்லது. இனிமே வாயை மூடிக்கிட்டு இரு. அவங்க வேற யாரையோ நினைச்சுட்டாங்க. வைவா முடியட்டும்.”

“அந்தப் பொண்ணு மேடம்?”

“அவளுக்கு அவ கைடு இருக்காரு, பார்த்துப்பாரு. இவரை விட்டா உனக்கு எக்ஸாமினர் யாரு இருக்கா சொல்லு? செத்தவரை எழுப்பிட்டு வரவா?” என்றார். கத்தவில்லை, கெஞ்சினார். அவர் மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடக் கேவலம், கூடவே நிம்மதியும் வந்தது. நான் வெளியே தெரியவில்லை. தப்பித்துவிட்டேன்.

படியிறங்கி வந்தால் எதிரே பெரிசு. நத்தையின் கைடு தோளில் கைபோட்டு நின்றிருந்தார். “சின்னப் பொண்ணு, விவரம் தெரியாது. நான் மனசுல வெச்சுக்கல. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “என்னம்மா, வைவாவுக்கு ரெடியா?”

“ரெடி சார்” என்றேன். நாலு எட்டு நடந்த பிறகுதான் கால் நின்றது.

மற்றவர்கள் புத்தகத்தை நம்பலாம். இந்த ஆளுக்குமா தெரியாது? யார் மேல் கை வைத்தோம் என்று கை வைத்தவருக்குத் தெரியாமல் போகுமா? புகார் கொடுத்தது நத்தை என்றதும் அவர், அவளை நான் ஒன்றும் செய்யவில்லையே என்று முழித்திருக்க வேண்டாமா? ஆச்சரியப்படவே இல்லை. நத்தை என்றதும் அவருக்குப் பொருந்திப்போய்விட்டது.

நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். நத்தையின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் தாள், கையில் மூடி கழற்றாத பேனா.

“என்னடி இது?”

“ஒண்ணுமே நடக்கலன்னு எழுதி, மன்னிப்புக் கேக்கணுமாம். எங்க கைடு சார் சொல்லிட்டுப் போனாரு. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.”

“புகார் குடுத்தது நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன பிளாஸ்திரியா போட்டிருக்கு?”

“சொன்னேங்க்கா. அப்போ ஒண்ணும் நடக்கலன்னு எழுதிக் குடு, முடிஞ்சுதுன்னாங்க.”

“எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே!”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நடந்துச்சேக்கா” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்போ?”

“உங்ககிட்ட நடுவருங்க வந்தாங்கல்ல, அப்போ. நீங்க ரொம்ப நல்லாப் பேசிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு எல்லாம் கேட்டுச்சு.”

ஓவென்று அழுதுவிட்டேன். அழ வேண்டியவள் அவள், முதுகைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். “புகார் சொன்னது நான்டி. பலகை மாறினதால உன் தலையில விழுந்துடுச்சு.”

“தெரியும்க்கா.”

“தெரியுமா? எப்படி?”

“மாத்திக்கிட்டதுல பாதி நான்தானே” என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

“தெரிஞ்சும் ஏன்டி என்னைக் காட்டிக் குடுக்கல?”

“அடுத்த மாசம் உங்களுக்கு வைவா இருக்கேக்கா.”

எனக்கு அவளை ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இந்தச் சுண்டைக்காய் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. நானோ மாடிப்படியில் நின்று நிம்மதிப்பட்டிருக்கிறேன். “எழுந்திரு, மூஞ்சியைக் கழுவு” என்றேன். தாளை வாங்கிக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

கமிட்டி அறை வாசலில் கைடு மேடம் வழிமறித்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“வேண்டாம்மா. சொன்னாக் கேளு.”

“வேற எக்ஸாமினரைத் தேடுங்க மேடம்.”

“கிடைக்க மாட்டாங்க. உன் தீசிஸ் என் அலமாரியிலயே கிடந்து மக்கும்.”

“மக்கட்டும்” என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். இப்போதும் வேண்டும். மேடம் வழியை விட்டு நகர வெகுநேரம் ஆனது. நகர்ந்தார்.

ஜன்னல் இல்லாத சிறிய அறை. நீள மேசை. கமிட்டிக்காரர்கள் நால்வர், ஓரத்தில் மஞ்சள் பட்டை அம்மா, நடு நாற்காலியில் பெரிசு. மன்னிப்பை வாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. இருவரும் நின்றோம்.

“ஒருத்தரைத்தானே கூப்பிட்டோம்?” என்றார் கமிட்டியின் தலைவர். “சார் மேல புகார் சொல்றது யாரு? அவங்க மட்டும் இருங்க.”

நான் நகரவில்லை. நத்தையும் நகரவில்லை. அவள் விரல்கள் என் கைக்குள் சில்லென்று இருந்தன.

பெரிசு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். எங்களில் யார் என்று அவருக்கே தெரியவில்லை.