ஆறு கொண்டுபோன ராபின்

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் அந்த விரிசலைப் பார்த்தாள். ஆரணியாறு வளைந்து திரும்பும் இடத்தில், மேட்டுக்கரையில் இருந்தது கல்லறைத் தோட்டம். அவள் புருஷன் ராபினை அங்கேதான் புதைத்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனிக்குப் போய்வந்தவன், நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அவன் மரச்சிலுவைக்கு ஒரு முழம் தள்ளி, விரல் நுழையும் அகலத்துக்கு மண் பிளந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கரையின் அடிமண்ணை அரித்துக் குடைந்திருந்தது. மேலே புல் பச்சையாக நின்றது.

சபையில் சொன்னாள். "மழை முடியட்டும், வேற எடத்துக்கு மாத்திடலாம்" என்றார்கள். உடனே தோண்டச் சொல்லி அவள் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பெட்டிக்குள் எப்படி இருப்பானோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் கரைக்கு ஓடினாள். செம்மண் நிறத்தில் வெள்ளம் வளைவில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை தொம்மென்று பெயர்ந்தது. ராபினின் சிலுவை சாயவில்லை. நின்றபடியே மண்ணோடு இறங்கிப் போனது.

அதன்பிறகு, அவள் வேலைக்குப் போகும் கம்பெனியில் பேக்கிங் மேஜை முன் நிற்கும்போது காலடித் தரை இறங்குவதுபோல் இருக்கும்.

"இன்னாக்கா, சுவத்தப் புடிச்சிக்கினே நிக்கிற?" என்று பக்கத்து மேஜை மோனிகா கேட்டாள்.

"தரை ஆடலியா?"

"இல்லக்கா."

ஊருக்குக் குழாயில் வருவது ஆற்றுக்குள் போட்ட கிணற்றுத் தண்ணீர். டம்ளர் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கினாலும் அவள் குடிக்காமல் வைத்துவிடுவாள்.

தை மாதம் மணவாளன் அவள் வீட்டுக்கு வந்தார். ஆற்றில் ஒரு மைல் கீழே, எதிர்க்கரையில் நெல் பயிர் வைக்கிறவர். கம்பெனி வேலைக்குப் போகுமுன் கிரேஸ் அவர் கழனியில் நாற்று நட்டிருக்கிறாள். அவர் அந்தத் தெருவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றுதான்.

"கிரேஸு, ஆறு என் கழனில மணலக் கொட்டிட்டுப் போயிடுச்சி. ஒரு ஏக்கர், இடுப்பு ஒசரம்."

"கேள்விப்பட்டேன் ஐயா."

"அள்ளிடலாம்னு மம்பட்டி போட்டேன். சிலுவை வந்துச்சி. உங்க ஊட்டுக்காரர் பேரு செதுக்கியிருக்குது. அதோட வுட்டுட்டேன்."

"எத்தினி நாளாவுது?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு மாசம். சொல்ல தைரியம் வரல. கழனில எறங்குனா காலு கூசுதும்மா. எங்க மிதிக்கிறேன்னே தெரியல."

கிராம நிர்வாக அலுவலரை வைத்துக்கொண்டு நாலு ஆள் இரண்டு நாள் தோண்டினார்கள். ஆணி அடித்த பலகைத் துண்டு ஒன்று கிடைத்தது. யார் பெட்டியுடையதோ. மணலுக்கு அடியில் பயிர் படுத்திருந்தது, கறுத்த கதிர்களோடு. அதற்குக் கீழே வெட்டியதும் தண்ணீர் ஊறி, குழியின் பக்கமெல்லாம் சரியத் தொடங்கியது. ஆட்கள் பதறி மேலே ஏறினார்கள். கிரேஸ் குழியின் ஓரத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் அவள் பார்க்கப் பார்க்க மணலை உள்ளிழுத்துக் குழியைத் தூர்த்தது.

"போதும்" என்றாள். "அவரு இங்க இருக்காரோ, பழவேற்காட்டுக் கடலுக்கே போயிட்டாரோ. நான்தான் அன்னிக்கே தோண்டச் சொல்லியிருக்கணும்."

"சிலுவைய இங்கியே நட்டுடும்மா. இந்த எடத்த நான் உழமாட்டேன்."

"அடுத்த வெள்ளத்துல இந்த மணலும் போயிடும் ஐயா."

"போற வரைக்கும் இருக்கட்டுமே."

நட்டார்கள். மணவாளன் தன் கையாலேயே அடிமணலை இறுக்கினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போகிறாள். எந்த இடத்தைப் பார்த்து ஜெபிப்பது என்று தெரியாமல் ஒரு ஏக்கர் மணலையும் பார்த்தபடி நிற்கிறாள். மணவாளன் தூரத்து வரப்பில் நிற்பார், பக்கத்தில் வரமாட்டார்.

போன வாரம் அவள் தெருவில் யாரோ வீடு கட்ட ஆற்றுமணல் கொட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சிதறிக் கிடந்த மணலில் மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.