இடாலியனில் கிடைத்த கல்

மண்டபக் கதவில் ஒட்டியிருந்த தலைப்பு நிரஞ்சினி கொடுத்ததல்ல. ‘கிரேக்கர் வாழ்ந்த நகரம், பினீசியர் பறித்த நகரம்’ என்று அண்ணன் அருந்தவன் தானே போட்டிருந்தார். அவள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பிளாக்டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழங்கால வரலாறு கற்பிக்கிறவள். பக்கத்து ஊரான கிரவீனில் அண்ணன் தமிழருக்காக நடத்திய வரலாற்று வட்டத்தில், சைப்பிரஸ் தீவின் கிட்டியன் என்ற பழைய அரசைப் பற்றிப் பேச வந்திருந்தாள். அப்படி நான் பேசப்போவதில்லை என்று வாசலிலேயே சொன்னாள். சனம் வந்து இருந்துவிட்டது, போய்ப் பேசு என்றார் அவர்.

அது 2011 சித்திரை. அவர்களுடைய தம்பி ஜசிந்தன் முள்ளிவாய்க்காலில் இறந்து இரண்டு வருடம் முடியவில்லை.

அவள் எதையும் மறைக்கவில்லை. முதலில் கிரேக்கர் வந்ததையும், சில நூற்றாண்டுகள் கழித்துக் கடலுக்கு அப்பாலிருந்த தீர் நகரத்துப் பினீசியர் வந்து பழைய இடிபாட்டின் மேல் தங்கள் அம்மன் கோயிலைக் கட்டியதையும் சொன்னாள். கிட்டியனின் பினீசிய அரசர்கள் பக்கத்து இடாலியனைப் பிடித்ததையும் சொன்னாள். பிறகு அந்த இடாலியனில் கிடைத்த கல்லொன்றின் படத்தைத் திரையில் போட்டாள். மேலே பினீசியம், கீழே கிரேக்கம், இரண்டிலும் ஒரே கோயில் காணிக்கைச் செய்தி. இந்த இரண்டு சனமும் ஒரே கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள்.

அருந்தவன் முன்வரிசையிலிருந்து எழும்பினார்.

“அந்தக் கல்லை வெட்டேக்க தோத்த சனத்தைக் கேட்டவையோ?”

“தெரியாது அண்ணா. ஆனா அவையளின்ர மொழி அதில இருக்கு.”

“இருக்கும். வெண்ட ராசாவின்ர மொழி மேல. தோத்தவைக்குக் கீழ ஒரு துண்டு. இதைக் காட்டிச் சேர்ந்து வாழ்ந்தவை எண்டு எங்களுக்குச் சொல்ல வந்தனீ, என்ன?”

அவர் சொன்னதில் பிழை இல்லை என்று தோன்றியதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது. கடைசியில் எகிப்திலிருந்து வந்த கிரேக்கப் படைத்தலைவன் தொலமி கிட்டியனின் அரசனைக் கொன்றபோது, ஊரில் இரண்டு மொழிக்காரரும் இருந்தார்கள் என்று தொடர்ந்தாள். அருந்தவன் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினார்.

“ஜசிந்தன் கேட்டிருந்தா உன்ர முகத்தில துப்பியிருப்பான்.”

“அவன் எனக்கும் தம்பி,” என்றாள் நிரஞ்சினி. “உங்கட கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவனை இழுக்காதேங்கோ.”

பின்வரிசையில் இரண்டு பேர் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்கள். அவளுடைய கணவன் சிறீகாந்தன் வந்து மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தான். வெளியே, கார் நிறுத்துமிடத்தில் அருந்தவன் பின்னால் வந்தார். தம்பியின் திவசத்துக்கு என் வீட்டு வாசலை மிதிக்காதே என்றார். நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றாள்.

ஆனாலும் திவச நாளில் அவள் போனாள். தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை வைத்து எடுத்துக்கொண்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே ஐயர் மந்திரம் சொல்வது கேட்டது. அண்ணி தாரகா கதவைக் கொஞ்சம் திறந்து, அவர் பிரச்சினைப்படுத்துவார், போய்விட்டுப் பிறகு வா என்று மெதுவாகச் சொன்னாள். உள்ளேயிருந்து அருந்தவன், கதவைப் பூட்டச் சொன்னார். சத்தம் போடவில்லை, கடைக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

நிரஞ்சினி வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் தம்பியின் படத்தை வைத்து, வாழையிலை கிடைக்காததால் தட்டிலேயே படைத்தாள். சிறீகாந்தன் விளக்கேற்றினான்.

பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தாள். அண்ணனோடு கதைத்துவிட்டுத்தான் எடுத்திருந்தாள். திவசம் நல்லபடி நடந்ததாம், எல்லாரும் வந்திருந்தார்களாம் என்று ஆறுதலாகச் சொன்னாள். நீயும் நிண்டனீதானே என்று கேட்டாள்.

“ஓம் அம்மா,” என்றாள் நிரஞ்சினி.