நூற்று மூன்றாம் பக்கம்

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவங்களையே கேட்டீங்களா?"

கேட்டவள் முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் மாணவி. மனதுக்குள் நான் அவளுக்கு வைத்திருந்த பெயர் குறிப்பேடு. நான் இருமினால்கூட எழுதிக்கொள்கிற ஜாதி. மற்றவர்கள் மேசைக்கு அடியில் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.

முதுகலை முதலாண்டு மாணவர்களுக்குப் பின்காலனியக் கோட்பாட்டின் அறிமுகம். பத்து வருடங்களாக நான் ஒரே மாதிரி எடுக்கிற பாடம். முதலில் நான்கு நிமிடப் பழைய செய்திப்படம் ஒன்றைப் போடுவேன். ஆளவந்த தேசத்து அதிகாரியின் மனைவி ஒரு மருத்துவமனையைத் திறந்து வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் நம்மூர்ப் பெண் ஒருத்தி குடை பிடித்து நிற்கிறாள். பின்னணிக் குரல் எல்லோர் பெயரையும் சொல்கிறது, அதிகாரியின் குதிரை உட்பட. குடைக்காரியின் பெயரைச் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில் அவள் தலைகூட இல்லை, குடையைப் பிடித்த கை மட்டும்தான். அங்கே படத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதுவேன்: யார் பார்க்கிறார்கள்? யார் பார்க்கப்படுகிறார்கள்? யார் யாருக்காகப் பேசுகிறார்கள்? பிறகு நாவல்களுக்கு வருவேன். அவர்கள் எழுதிய நாவல்களில் நம் சமையல்காரர்களும் படகோட்டிகளும் வருவார்கள், அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதையும் ஆசிரியரே சொல்லிவிடுவார். அவர்களைக் கேட்டு எழுதியதில்லை. நமக்காகப் பேசினார்கள், அதோடு நமக்குப் பேசவே வராது என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்பேன்.

அதற்கப்புறம்தான் என் துருப்புச்சீட்டு. நான் எழுதிய அறிமுக நூலின் நூற்று மூன்றாம் பக்கத்தை எடுத்து வாசிப்பேன். புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய பத்தி அது. 'விடுதலையைப் பற்றிய புத்தகங்களை அவள் நாளெல்லாம் மடிக்கிறாள். அவற்றில் ஒரு வரியைக்கூட அவளால் படிக்க முடியாது.' வகுப்பு மூன்று விநாடி அசையாது. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிப்பேன். ஒரு வருடம் யாரோ கைதட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் தலையசைத்தேன்.

"அது ஒரு உதாரணம்மா" என்றேன்.

"கற்பனையா சார்?"

"இல்ல, நிஜமான ஆள்தான்."

"அப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

கடிகாரத்தைப் பார்த்து, மிச்சத்தை அடுத்த வகுப்பில் பேசலாம் என்றேன். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. பின்வரிசை ஒரே சந்தோஷத்தோடு கிளம்பியது. குறிப்பேடு என்னத்தையோ எழுதிவிட்டு அடிக்கோடு போட்டாள்.

அந்தப் பெண் என் அக்கா. எட்டாவது வரை படித்தவள். அப்பா படுக்கையில் விழுந்த வருடம், இரண்டு பேரில் ஒருவர்தான் பள்ளிக்கூடம் போக முடியும் என்ற நிலைமை. என்னை அனுப்பினார்கள். அவள் பட்டறைக்குப் போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது என் பெயரைப் போல எனக்குத் தெரிந்த விஷயம். பட்டறையில் வேலை செய்துகொண்டே அச்சான தாள்களைப் படித்துவிடுவாள். ஆனால் தாள்கள் வரிசையாக வராது. "எனக்கு ஒரு கதையில முதல்ல குழந்தை பொறந்துச்சு, மறுநாள்தான் கல்யாணம் நடந்துச்சு" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முதலில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். 'மடித்துக்கொண்டே படிப்பாள்' என்று. அந்த வாக்கியம் அத்தியாயத்தில் ஒட்டவில்லை. குரலற்றவர்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒருத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் என் வாதம் என்ன ஆவது? அடித்துவிட்டு, படிக்கத் தெரியாதவள் ஆக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'என் அக்கா' என்று போடாமல் 'ஒரு பெண்' என்று போட்டேன். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். எவனோ ஒரு துரை கப்பலில் வந்து செய்த காரியத்தை நான் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

முதல் பதிப்பு வேறு ஊரில் அச்சானது. நான்கு வருடமாக அவளுக்கு ஒரு பிரதி கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "பாடப் புத்தகம்க்கா, போரடிக்கும்", "பிரதி தீர்ந்துபோச்சு" என்று ஏதாவது சொல்லி நழுவினேன். இப்போது புத்தகத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பை எங்கள் ஊரிலேயே அச்சடித்துக் கட்டப்போவதாகப் பதிப்பாளர் மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னார். ஊரில் இருப்பது ஒரே ஒரு பட்டறை. திருத்தம் இருந்தால் செய்யுங்கள் என்று பக்கங்களை அனுப்பியும் வைத்தார். நூற்று மூன்றாம் பக்கத்தில் இரண்டு காற்புள்ளிகளைச் சரிசெய்து திருப்பி அனுப்பினேன். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

குறிப்பேடு கேட்ட கேள்வி கூடவே வந்தது. கல்லூரியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன்.

நீளமான தகரக் கூரைக் கட்டடம். பசை வாசனை, வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல். சுவரோரம் ஆள் உயரத்துக்கு அச்சான தாள்கள் அடுக்கியிருந்தன. பதினாறு பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தாளுக்கு ஃபாரம் என்று பெயர். மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். ஓரங்களை வெட்டும்போது மடிப்புகள் விடுபட்டு ஏடுகள் பிரியும். அக்கா மேசைக்கு முன்னால் நின்றபடி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பின் மேல் தட்டையான எலும்புத் தகடு ஒன்றை வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான், தாள் படிந்துவிடும். முப்பத்தெட்டு வருடமாக அதே தகடு. அதன் ஒரு முனை தேய்ந்து கூராகிவிட்டிருந்தது.

"என்னடா, காலேஜ் இல்லையா?"

"சீக்கிரம் விட்டுட்டேன். எந்த ஃபாரம்க்கா ஓடுது?"

"ஒம்போது."

"ஏழு?" நூற்று மூன்றாம் பக்கம் அதில்தான் வரும்.

"அது நேத்தே முடிஞ்சுது."

அவள் கை நிற்கவில்லை. நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் பெயர் போட்ட அட்டைகள் காய்வதற்காகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏழாவது ஃபாரத்துல ஒரு தப்பு இருக்குக்கா."

"எழுத்துப் பிழையா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"எதுவா இருந்தாலும் திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடலாம். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ எழுதிக் கொடு, நான் ஒட்டிடறேன். ஆயிரத்து இருநூறுதானே, ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்."

சீட்டில் என்ன எழுதுவது? பக்கம் 103, வரி 14: 'படிக்க முடியாது' என்பதைப் 'படிக்க முடியும்' எனத் திருத்தி வாசிக்கவும். அதை அவளே பசை தடவி ஆயிரத்து இருநூறு தடவை ஒட்டுவாள். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. மேசை மேல் வெட்டிப் போட்ட துண்டுத்தாள் வேண்டிய அளவு கிடந்தது.

"வேண்டாம்க்கா. சின்னதுதான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. சின்ன வயதில் நான் பொய் சொல்லும்போது அம்மாவிடம் போட்டுக்கொடுக்காமல் நிற்பாளே, அந்தப் பார்வை.

"சின்னதுன்னா விட்டுடு" என்று அடுத்த தாளை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. மிச்சத் தாள்ல எனக்குன்னு ஒண்ணு கட்டப்போறேன். அம்மா உன் புத்தகத்தைக் கேக்கணும்னு நாலு வருஷமா உயிரை வாங்குறாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் யோசித்துப் பார்த்தேன், காய்ச்சல் உட்பட. அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கீழே சுவரில் சாய்ந்து புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். மற்ற பிரதிகளையெல்லாம் பசையில் ஒட்டியிருந்தார்கள். இதை மட்டும் நூலால் தைத்திருந்தாள்.

"வாடா. ரெண்டு நாளா உன் பாடம்தான் ஓடுது" என்றார்கள் அம்மா. "அந்தக் குடை பிடிச்சவளுக்குக் கை வலிச்சிருக்காதா? அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை எழுதலையே."

"இல்லம்மா. எனக்குத் தோணல."

"அதான பார்த்தேன். குடை பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தொண்ணூற்றெட்டாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி, தெளிவாக, கடினமான சொற்களைத் தயங்காமல் படித்தாள். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்படிப் படிக்க வராது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பது. நூறு. காதுமடல் சூடாகிக்கொண்டு வந்தது. நூற்றொன்றின் கடைசி வரியை முடித்து ஏட்டைப் புரட்டினாள்.

அந்தப் பக்கம் நூற்று நான்கு. அதன் முதல் வரியைப் படித்தாள்.

"இருடி" என்றார்கள் அம்மா. "எங்கயோ எட்டிப் போயிட்ட. நடுவுல எதையோ விட்டுட்ட."

"ஒட்டிக்கிட்டிருக்கும்மா. வெட்டுப்படல."

புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு ஏடுகள் மேல் ஓரத்தில் பிரியாமல் ஒன்றாக இருந்தன. அந்த மடிப்பை மட்டும் கத்தி எட்டாத அளவுக்குக் கீழே இறக்கி மடித்திருந்தாள். முப்பத்தெட்டு வருடம் மடித்தவள் கைக்குத் தவறி அப்படி வராது. நூற்றிரண்டும் நூற்று மூன்றும் உள்ளே இருந்தன.

"அதுல என்னதான் இருக்கு?" என்றார்கள் அம்மா.

"நான் சொல்ல மாட்டேன். எழுதினவன் இங்கதானே உக்காந்திருக்கான்." அக்கா பக்கத்தில் வைத்திருந்த பையைத் திறந்து அந்த எலும்புத் தகட்டை எடுத்தாள். புத்தகத்தின் மேல் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். "வெட்டிப் படி தம்பி. இல்ல, வேண்டாம்னா அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு புத்தகத்துல மட்டும்."

அவள் குரலில் கேலி இல்லை. தலைமுடியை முடிந்துகொண்டு, கேட்பதற்கு வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்தாள். அம்மா என் மூச்சு வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்கள்.

தகடு வழுவழுவென்று இருந்தது. கூரான முனையை மடிப்புக்குள் நுழைத்தேன். முதல் விரற்கடை பிரிந்தது. உள்ளே வெளிச்சம் போய், தலைகீழாக ஒரு வரியின் பாதி தெரிந்தது. கை அங்கேயே நின்றது.

"படிடா" என்றார்கள் அம்மா.