நாலு விரல் சந்து

1.

இந்தக் கதை ஒரு பதிலாகத்தான் தொடங்கியது. வீட்டுக்காரர்களின் சட்டச் சந்தேகங்களுக்கும் காப்பீட்டுச் சந்தேகங்களுக்கும் ஒரு மாதப் பத்திரிகையில் நான் பதில் எழுதுகிறேன். ஆம்பூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார்:

"சார், மழ பேயறப்போ எங்க பெட்ரூம் சுவரு காஞ்சி கெடக்குது. மழ நின்னு வெயில் அடிச்சதும் நனையுது. இது இன்னா சார்?"

எனக்கும் தெரியவில்லை. அரைப் பக்கம் எழுதிய பிறகு அந்தப் பெண்ணுக்குப் பூங்குழலி என்று பெயர் வைத்தேன். அங்கேதான் பதில் கெட்டுப்போனது.

2.

முதல் தொடக்கம்: "ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாடை..." [விட்டுவிட்டேன். அந்த ஊர்க்காரர் யாரும் அதைக் கவனிப்பதில்லை.]

இரண்டாவது: "தன் இடத்து நீர் அடுத்த வீட்டைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு உரிமையாளருக்கும்..." [இது உண்மை. கதை இல்லை.]

சந்திலிருந்தே தொடங்குகிறேன். பூங்குழலி வீட்டுக்கும் நயீம் அகமது வீட்டுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்தில் ஒரு சந்து. இரண்டு வீடும் ஒரே வருடம் கட்டியவை. நடுவில் ஒரே சுவர் போதும், செங்கல் மிச்சம் என்று கொத்தனார் சொன்னபோது நயீம் பாய்தான் வேண்டாம் என்றார்.

"பொதுச் சுவருன்னா நாளைக்கி புள்ளைங்க காலத்துல பேஜார் ஆயிடும்மா. உங்க சுவரு உங்களுது, எங்க சுவரு எங்களுது."

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பொதுச் சுவரில் ஒருவர் ஆணி அடித்தாலும் மற்றவரைக் கேட்க வேண்டும். ஆக, சண்டை வரக்கூடாது என்று விட்ட சந்து அது. மாடியில் சந்தின் வாயைக் கொத்தனார் சிமெண்ட் பூசி மூடினார். அதற்கு மேலே, இந்த மாடிக் கொக்கியிலிருந்து அந்த மாடிக் கொக்கிக்கு ஒரு துணிக்கொடி. பூங்குழலியும் பாயின் மனைவி ஹலீமா பீயும் ஆளுக்கொரு பக்கமாக நின்று துணி போடுவார்கள்.

"ஏ பூங்குழலி, உன் ஊட்டுக்காரர் லுங்கி எங்க மாடிக்கி வந்துடுச்சி பாரு. வாடகை போடட்டா?"

"போடுங்கக்கா. உங்க பெட்ஷீட்டு எங்க வெயிலெல்லாம் குடிக்குதே, அதையும் சேத்துக் கழிச்சிக்குங்க."

(ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் பூங்குழலிக்குக் கிடைக்கும் ஒரே சிரிப்பு இதுதான். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது போகப்போகிறது.)

3.

சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது. சுவிட்சைத் தொட்டால் கை சுரீர் என்றது. வீட்டுக்குப் பாலிசி போட்டுக்கொடுத்த சூரியபிரகாஷைப் பூங்குழலி பஸ் நிற்கும் இடத்தில் பிடித்தாள்.

"அக்கா, மெதுவா ஊறுற ஓதத்துக்கு ஒண்ணும் தர மாட்டாங்க. பைப்போ டாங்கோ ஒடஞ்சி தண்ணி பூந்திருந்தா தருவாங்க."

"அந்தச் சுவத்துல எங்க பைப்பே கெடயாதேப்பா."

"சுவத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்குது?"

"அவங்க பாத்ரூம்."

"அப்புறம் இன்னாக்கா?"

அவன் சொன்ன விதி சரிதான். பெரும்பாலான வீட்டுப் பாலிசிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் எதற்குப் பணம் வரும் என்பதைத்தான் பாலிசி சொல்லும். சுவருக்குள் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. பூங்குழலிக்கோ அன்றிலிருந்து சுவருக்குள் ஒரு உடைந்த பைப் தெரிய ஆரம்பித்தது. மழை இல்லாத நாளில்தான் நனைகிறது, அப்படியானால் மழைத் தண்ணீர் இல்லை. பாத்ரூம் தினமும் ஓடுகிறது. கணக்கு அழகாக ஒத்துப்போனது.

இந்த இடத்தில் அவளை ஹலீமா பீயின் கதவைத் தட்டவைக்க முயன்றேன். "பூங்குழலி செருப்பை மாட்டிக்கொண்டு..." என்று எழுதிவிட்டு நின்றேன். அவள் போகமாட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பலாமே?" என்றான் கணவன் நவநீதன்.

"நேர்ல கேட்டா சண்ட ஆயிடும். வக்கீல் நோட்டீஸுன்னா மொறையா இருக்கும்."

என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். காகிதத்துக்குக் குரல் இல்லை, அதனால் அது உரக்கப் பேசாது என்று.

4.

நயீம் பாய்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவர் நோட்டீஸைப் படித்துவிட்டுப் புன்னகைத்தார். அவ்வளவு நல்லவரை நான் எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை. எனவே திருத்தி எழுதினேன்.

மறுநாள் காலையில் அவர் ஆளை வைத்துப் பாத்ரூம் தரையை உடைத்தார். போன வருடம்தான் புது டைல்ஸ் போட்டிருந்தார்கள். பைப் முழுசாக இருந்தது. அடியில் மண் காய்ந்திருந்தது.

"வாங்கம்மா!" என்று மாடியிலிருந்து தெருவே கேட்கக் கூப்பிட்டார். "வந்து பாருங்க. மண்ணு மாவு மாதிரி இருக்குது. வேணும்னா மோந்தும் பாருங்க!"

(அவர் உடைத்திருக்கவே வேண்டாம். குற்றம் சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். இதை அவருக்குச் சொல்ல இந்தக் கதையில் யாரும் இல்லை.)

ஹலீமா பீ சாயங்காலம் கொடியைத் தன் கொக்கியிலிருந்து அவிழ்த்தாள். அறுக்கவில்லை. வளையமாகச் சுற்றி, பூங்குழலியின் கிளிப்புகளை மட்டும் பொறுக்கி அதிலேயே மாட்டி, இந்தப் பக்கக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

5.

கொடி இல்லாததால் பூங்குழலி ஞாயிற்றுக்கிழமை ஈரப் புடவையைக் கைப்பிடிச் சுவர்மேலேயே விரித்தாள். புடவைத் தண்ணீர் சிமெண்ட் பூச்சின்மேல் ஓடி ஓரிடத்தில் காணாமல் போனது. குனிந்தாள். மயிரிழை விரிசல். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அதையும் குடித்தது. கொடியில் தினமும் துணி தொங்கியவரை அந்த இடத்தை யாருமே பார்த்ததில்லை.

இரண்டொரு நாள் கழித்துப் பெட்ரூம் சுவர் நனைந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இப்போது விளக்கிவிடலாம். இரண்டு வீடுகள் இரண்டு அஸ்திவாரத்தில் நிற்கின்றன. வெயிலில் தனித்தனியாக விரியும், தனித்தனியாகச் சுருங்கும். நடுவில் பூசிய சிமெண்ட் வளையாது, வெடிக்கும். விரிசலில் இறங்கும் மழை, கட்டும்போது சந்துக்குள் விழுந்த கலவையிலும் குப்பையிலும் தேங்கும். அங்கிருந்து செங்கல்லில் ஊறி உள்பூச்சைத் தொடுவதற்குள் மழை நின்று வெயில் வந்துவிடும்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் பூங்குழலி ஒரு இன்ஜினியருக்குத் தீர்வைச் சொல்லிக்கொடுத்தாள், அவர் வாயடைத்துப்போனார். அடித்துவிட்டேன். அவள் அப்போது யாரையும் வெல்லும் நிலையில் இல்லை.]

அவள் கம்பெனியில் தைப்பது பூட்ஸின் நாக்கு, கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் வரும் தோல். நாக்குக்கும் பக்கத் தோலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு தோல் மடிப்பை வைத்து இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்க வேண்டும். மடிப்பு இருப்பதால் கால் அசைந்தாலும் தையல் விடாது. இரண்டு பக்கமும் தைத்திருப்பதால் தண்ணீர் இறங்காது. கொடி வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் இதத்தானே தெச்சேன்," என்றாள். பதில் சொல்ல எதிர் மாடியில் ஆள் இல்லை.

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஹலீமா பீ துணி வாளியோடு மேலே வந்து, "வாடகை பாக்கி இருக்குதுடி" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எழுதிவிட்டால் பூங்குழலி அவர்கள் வீட்டுப் படியேற வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இன்னொன்றில் பாயும் பதில் நோட்டீஸ் அனுப்புகிறார், ஐப்பசி மழை வந்துவிடுகிறது, இரண்டு பேரும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று... [முடிக்க மனம் வரவில்லை.]

கொடி மறுபடி கட்டப்படுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தெருவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். என்னிடம் கேட்டது சுவரைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பாலிசியில் கேட்காதீர்கள்; இது ஓதம், கிடைக்காது. சுவர் காயும்வரை அந்த சுவிட்சுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவையுங்கள். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுங்கள். அதை வக்கீல் மூலம் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். உடைந்த பாத்ரூம் தரையை உங்கள் செலவில் போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். சந்தின் அடியில் உள்ள குப்பையைக் கொக்கிக் கம்பியால் இழுத்து எடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் திறந்தே இருக்கட்டும், காற்று போகட்டும். மேலே பழைய சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, நடுவில் கூரைபோல மடித்த ஒரே தகட்டை வையுங்கள். அவரவர் மாடிக்கு அவரவர் மழை வழியும். ஒரு விளிம்பை உங்கள் சுவரிலும் மறு விளிம்பை அவர்கள் சுவரிலும் திருகி, ஓரங்களை ரப்பர் பசையால் அடைக்க வேண்டும். அவர்கள் சம்மதம் வேண்டும். இரண்டு மாடியிலும் ஆள் நின்று பிடித்தால்தான் தகடு நேராக உட்காரும்.