பெயர் மாறிய கல்

செத்துப்போன புருஷன் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினால் ஒரு பெண் என்ன செய்வாள்? தையல்காரி முதலில் செய்தது, கையிலிருந்த கத்தரிக்கோலைப் பத்திரமாக மேசைமேல் வைத்ததுதான். அதற்குப் பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மின்சார ஆபீஸில் லைன்மேன். மழைக்காலத்தில் மேல்மலையில் கம்பி அறுந்ததென்று ஹெல்பரோடு கிளம்பிப் போன அன்றுதான் மலை சரிந்தது. ஆறு அவனை அடித்துக்கொண்டு போய் எங்கோ ஒதுக்கியதும், அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஊர் பேர் தெரியாதவனாக மாதக்கணக்கில் நினைவு தப்பிக் கிடந்ததும் இங்கே யாருக்குத் தெரியும்? சேற்றிலிருந்து ஓர் உடலை எடுத்து வந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முகம் முகமாக இல்லை. ஆனால் மழைக்கோட்டின் பையில் அவள் கையால் போட்ட ஒட்டுத்தையல் இருந்தது. அவர்தான் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மலையில், புதைத்த இடத்தில் ஆளுயரக் கல் ஒன்றை நட்டுப் பெயர் வெட்டுவார்கள். சாவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை ஓடையிலிருந்து சுமந்து வந்து அதன் அடியில் அண்டை கொடுப்பார்கள். நட்ட கல்லைப் பிடுங்கும் வழக்கம் இல்லை. லைன்மேன் பெயரிலும் அப்படி ஒரு கல் நின்றது. அன்றைக்கு எல்லாரையும்விடப் பெரிய கல்லைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவள் ஹெல்பரின் மனைவி. அவள் புருஷனின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் கல்லும் இல்லை, துக்கம் கேட்க வருவாரும் இல்லை. முன்பொரு தடவை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு காணாமல் போனவன்தானே, களேபரத்தோடு களேபரமாக எவளோடோ ஓடிப்போயிருப்பான் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது.

லைன்மேன் கஞ்சி குடித்து முடித்ததும் தன் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டான். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கோட்டை அன்னிக்கு நான் ஹெல்பருக்குக் குடுத்துட்டேன். அவருக்குக் குளிர்க்காய்ச்சல். வேணாம் வேணாம்னாரு, நான்தான் மாட்டிவிட்டேன்."

ஹெல்பரின் மனைவிக்கு ஆபீஸ் மூலமாகப் பக்குவமாகச் சொல்லியனுப்பலாம் என்று அவன் இழுத்தான்.

"வேணாம். நான் அழுத அழுகை அந்த அக்காவோடது. நானே போய்ச் சொல்றேன்" என்றாள்.

ஹெல்பரின் மனைவி ஒரு தங்கும் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டு முழுக்க வெள்ளை விரிப்புகள் தொங்கின, தரையெல்லாம் சோப்பு நுரை. தையல்காரியைக் கண்டதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். லைன்மேன் திரும்பி வந்த சேதி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. உன் தாலி கெட்டி என்று கன்னத்தை வழித்து நெற்றியில் சொடக்கு முறித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி கள்ளமில்லை. தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் புதைச்சது உங்க வீட்டுக்காரரை."

கோட்டு விஷயத்தைச் சொன்னாள். ஹெல்பரின் மனைவி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவரு ஓடிப் போகலையா?"

"இல்லக்கா. வேலைக்குப் போன இடத்துலதான்."

அவள் அடுத்த தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்தவளிடம் திரும்பினாள். "கேட்டியா? எம் புருஷன் ஓடிப் போகல" என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு தையல்காரியை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிப்பாட்டினாயா? வெந்நீரா, பச்சைத்தண்ணீரா? வெந்நீர்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை என்றாள் தையல்காரி. சேறு காய்ந்து இறுகியிருந்தது. ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுத்தாள். புதுச்சட்டை ஒன்றை உட்கார்ந்த இடத்தில் தைத்துப் போட்டாள்.

"தோள்ல மட்டும் பிடிச்சுதுக்கா. தண்ணியில ஊறி உப்பிட்டாருன்னு நெனச்சுத் தையலைப் பிரிச்சுவிட்டேன்."

"அவருக்கு அகலத் தோளு" என்றாள் ஹெல்பரின் மனைவி.

கல் பிடுங்கப்படவில்லை. கல்தச்சன் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பெயரைச் செதுக்கித் தள்ளிவிட்டு, பள்ளம் விழுந்த அந்த இடத்திலேயே ஹெல்பரின் பெயரை வெட்டினான். சாவு மறுபடி நடந்தது. ஊரே திரண்டு வந்தது. ஓடிப்போனான் என்று பேசியவர்களும் ஓடையில் பொறுக்கிய கல்லோடு வந்து, இறந்தவனின் மனைவியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை. தையல்காரிக்குத்தான் அழுகை அடங்கவே இல்லை. உயிரோடு இருக்கிற புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த உடம்பைத் தேய்த்துக் கழுவியது அவள் கைகள்தானே.

இன்னும் தேறி நடக்க முடியாத லைன்மேனை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஹெல்பரின் மனைவி அவனெதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். லைன்மேன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அதெல்லாம் விடுங்க தம்பி. கடைசியா அவரு என்ன பேசினாரு? அதைச் சொல்லுங்க."

லைன்மேன் தயங்கினான். பெரிய பேச்செல்லாம் இல்லை என்றான். பரவாயில்லை, உள்ளபடி சொல்லுங்கள் என்றாள்.

"கம்பத்துக்கடியில உட்கார்ந்து சாப்பிட்டோம். சோத்துல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கா, என்னைக் கொல்லப் பாக்குறான்னு உங்களைத் திட்டினாரு. திட்டிக்கிட்டே ஒரு பருக்கை விடாம வழிச்சுச் சாப்பிட்டாரு. எனக்குக் கொஞ்சம் கேட்டேன், தரல."

ஹெல்பரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "எப்பவும் அப்படித்தான்" என்றாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. மலை சரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தையல்காரியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.