தந்தை / கணவர் பெயர்

நர்ஸ் இசக்கிசெல்வி மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நேசக்குமாரிடம் நீட்டி, "அண்ணா, கடைசி ரூம். உள்ள தாழ்ப்பாள் இருக்கு" என்றாள். அவன் அதை வாங்கி, பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெனிலாவிடம் கொடுத்தான்.

"யூரின் டெஸ்ட் போல. கடைசி ரூமாம்."

ஆஸ்பத்திரியில் எதை நீட்டினாலும் வாங்கி நோயாளியிடம் கொடுப்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் இருபத்திரண்டு நாள் அதைத்தான் செய்தான். அவன் மனைவி ஜெஸ்மி காய்ச்சல் என்று போய்ப் படுத்தாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வீடு திரும்பவில்லை. அவளுக்கு முப்பது வயது, அவனைவிட ஒன்று குறைவு.

ஜெனிலா ஜெஸ்மியின் தங்கை. இருபத்து மூன்று வயது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. நிச்சயம் குணமாகும் என்றார் புற்றுநோய் டாக்டர். ஆனால் கீமோ மருந்து கருமுட்டைகளை அழித்துவிடக்கூடும், பின்னால் பிள்ளை வேண்டுமென்றால் அதற்கு முன்பே முட்டைகளை எடுத்து உறையவைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். கீமோ தொடங்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. முட்டைகள் வளர ஊசி மட்டுமே பத்துப் பன்னிரண்டு நாள் போடவேண்டும். முதல் ஊசி இன்றைக்கே போட்டாக வேண்டும். அதனால்தான் துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சாத்தான்குளம் போய் மாமியார் ஜெபகனியையும் ஜெனிலாவையும் காரில் ஏற்றி மில்லர்புரத்தில் இருக்கும் இந்தக் கருத்தரிப்பு மையத்துக்கு அழைத்து வந்திருந்தான்.

ஜெனிலா டப்பாவோடு திரும்பி வந்தாள். இசக்கிசெல்வி தலையில் கைவைத்தாள்.

"ஐயோ அக்கா, இதுல எதைப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க? இது உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது."

"எந்த வீட்டுக்காரர்?"

"இந்தா இருக்காங்கல்லா. காலையில இருந்து அத்தான் அத்தான்னு கூப்பிடுதீங்க."

"எங்க வீட்டுல அக்கா மாப்பிள்ளையும் அத்தான்தான்."

"எங்க வீட்டுல கட்டுனவரும் அத்தான்தான்."

ஜெனிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டப்பா எதற்கு என்பது அப்போதுதான் நேசக்குமாருக்கு உறைத்தது. காது மடல் சுட்டது.

"அக்கா கூப்பிட்டத மட்டும் வச்சு முடிவு பண்ணல அண்ணா. ஃபைலப் பாருங்க" என்று இசக்கிசெல்வி தாளைத் திருப்பிக் காட்டினாள்.

தந்தை / கணவர் பெயர் என்ற இடத்தில் நேசக்குமார் என்று இருந்தது. குண்டு குண்டான கையெழுத்து, ஜெபகனியுடையது. அலுவலகத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் கண்டெய்னர் யார்டில் கிடக்கும் என்று எல்லாத் தாளையும் இரண்டு முறை படிப்பவன் அவன். இதை ஒரு முறைகூடப் படித்திருக்கவில்லை.

"அப்பா இல்லல்லா. ஆம்பளப் பேரு ஒண்ணு வேணுமேன்னு எழுதுனேன்" என்றார் ஜெபகனி.

"எம்மா, முப்பது வருசமா பள்ளிக்கூடத்துல ஃபாரம் நிரப்பக் கத்துக்குடுத்த டீச்சரு நீ. செத்தாலும் அப்பா பேர அப்பா பேருன்னுதான் எழுதணும்னு எங்களுக்குச் சொன்னது யாரு?"

"ஏளா, சத்தம் போடாத."

இசக்கிசெல்வி நேசக்குமாரைப் பார்த்துச் சொன்னாள். "கணவர்னு இருந்ததாலதான் டாக்டர் உங்க விந்தணுவையும் சேர்த்துக் கருவாவே உறைய வைக்கதுக்கு எழுதியிருக்காங்க. கரு வச்சா அது ரெண்டு பேருக்கும் சொந்தம். பின்னால எடுக்கணும்னாலும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். முட்டை மட்டும்னா அக்காவுக்கு மட்டும். மாத்தணும்னா இப்பவே மாத்திருங்க, டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிருவாங்க."

மணி பதினொன்றரை.

ஜெபகனி அவனை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனார்.

"மாப்ள, அந்தப் பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே."

"எங்களுக்குக் கல்யாணம் ஆகலயே அத்தை."

"ஜெஸ்மிக்கு வருசம் திரும்பட்டும், பாஸ்டரய்யாட்ட பேசலாம்னுதான் இருந்தேன். நோய் வந்த பிள்ளைய வெளிய எவன் கேட்டு வருவான்? உங்களையும் இப்படி ஒத்தையில விட மனசு வரல."

கோபப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஜெஸ்மி எம்.எட். முடிக்கட்டும், வீடு கட்டட்டும், பிறகு பிள்ளை என்று இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள். அவளுடையது என்று எங்கேயும் எதுவும் எடுத்துவைக்கவில்லை. ஜெனிலாவுக்கும் அதே மோவாய்தான், நடுவில் லேசாகக் குழி விழுந்தது. அந்த மோவாயோடு ஒரு பிள்ளை வரலாம். அந்த நினைப்பு வந்ததும் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இது ஆசையா, திருட்டா? ஜெஸ்மிக்குச் செய்வதா, ஜெஸ்மியை விட்டுச் செய்வதா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது.

இரண்டு கையெழுத்து என்று நர்ஸ் சொன்னதை மறுபடி நினைத்தான். ஒரு கையெழுத்துக்காரன் இல்லாமல் போனால்? முப்பது வயதில் ஆட்கள் சாவார்கள். வேறு எது தெரியாவிட்டாலும் அது அவனுக்குத் தெரியும். அப்புறம் ஜெனிலா தன்னுடையதைக் கேட்டு எந்த வாசலில் போய் நிற்பாள்?

"வேண்டாம் அத்தை" என்றான்.

திரும்பி வந்து தன் பெயரை ஒரு கோட்டில் அடித்தான். மேலே பொன்னுதுரை என்று மாமனார் பெயரை எழுதினான். 'தந்தை'யை வட்டமிட்டான்.

ஜெனிலா எட்டிப் பார்த்தாள். "படிக்கட்டுல அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"தெரியும். ரெண்டு மாசமா இதத்தான் சுத்திச் சுத்தி வாரா." தாளை இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். "எனக்கு என் முட்டை போதும் அத்தான். பின்னால பிள்ளையாக்குவேன், ஆம்லெட்டு போடுவேன், அது என் பாடு."

இசக்கிசெல்வி சிரித்துக்கொண்டே அடுத்த தாளை வைத்தாள். கூட வந்தவர் பெயர், உறவு. நேசக்குமார் பெயரை எழுதினான். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. அக்காவின் கணவர் என்று எழுதுவதா, கணவராக இருந்தவர் என்றா? கடைசியில் முதலில் தோன்றியதையே எழுதினான்.

"அவங்க அக்கா வரலையா அண்ணா?"

அவன் வாய் திறப்பதற்குள் ஜெனிலா, "அவ இல்ல" என்றாள். இசக்கிசெல்வி தாளை இழுத்து முத்திரை குத்தினாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் முதல் ஊசியைப் போட்டார்கள். ஜெனிலா கண்ணை இறுக்கிக்கொண்டு எண்ணினாள். ஐந்து வரை எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. நாளைக்கும் இதே நேரம் என்று சொல்லி அட்டை கொடுத்தார்கள்.

வெளியே வெயிலில் கார் கொதித்துக் கிடந்தது. ஜெபகனி பின்கதவைத் திறந்து ஏறாமல் நின்றார்.

"நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா, தம்பி?"

நாலு வருடமாக அவர் வாயில் அவன் மாப்ளதான். ஜெனிலா தாயைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"வாரேன்" என்றான் நேசக்குமார். அத்தை என்று சேர்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. இருவரும் ஏறியதும் வண்டியை எடுத்தான்.